நிறுத்துவதற்கும் ஒரு கணக்கு உண்டு
(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் மெக்கானிக்கல் பிரிவு முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, “எதையாவது பேசுய்யா, ஆனா பசங்களுக்குப் பிரயோஜனமா இருக்கணும்” என்றார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், பிரேக். அதுவும் இப்போது நம் முன்னாள் மாணவர்களில் சிலர் வாரத்தில் ஆறு நாள் ஆபீசுக்கு ஓட்டுகிற அதே காரை, வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை இருங்காட்டுக்கோட்டை பந்தயப் பாதைக்குக் கொண்டு போகிறார்கள். போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நானும் போகிறவன்தான்.

ஒரு தமாஷான விஷயம். பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1ஆம் தேதி நம் ஊரை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த வருஷமே, 1955இல், பாரிஸ் கண்காட்சியில் சித்ரோன் டி.எஸ். என்ற காரை வைத்தார்கள். அதில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1953 ல மான் பந்தயத்தில் ஜாகுவார் ஜெயித்ததே டிஸ்க் பிரேக்கின் தயவால்தான். பந்தயத்தில் பிறந்த சாமான் வீட்டுக் காருக்கு எவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது பாருங்கள்! ஆனால் பந்தயத்துக்கான பேட் அப்படியே வீட்டுக் காருக்குப் பொருந்துமா? அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் ஒரு கணக்கு. ஆளோடு சேர்த்து 1000 கிலோ எடையுள்ள கார். 120 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60க்குக் குறைக்கிறோம். அரை எம் வி ஸ்கொயர் மறந்து போயிருக்காது. வேகம் பாதியானால் ஆற்றலில் முக்கால் பங்கு வெளியேற வேண்டும். சுமார் 417 கிலோஜூல். வீட்டுக் குழாய்த் தண்ணீர் 1.4 லிட்டரைக் கொதிக்க வைக்க அது போதும். பத்துப் பேருக்கு டீ போடலாம்! ஒரே ஒரு மிதியில் வருகிற சூடு இது. இதில் எழுபது சதவீதம் முன்பக்கம் போகிறது என்று வைத்து, ஐந்து கிலோ எடையுள்ள இரும்பு டிஸ்க் இரண்டுக்கும் பங்கு போட்டால், ஒவ்வொரு மிதிக்கும் டிஸ்க்கின் சூடு 60 டிகிரிக்கு மேல் ஏறுகிறது. தெருவில் அடுத்த சிக்னலுக்குள் ஆறிவிடும். இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டருக்குள் பன்னிரண்டு திருப்பம். ஆறுவதற்குள் அடுத்த மிதி வந்துவிடும்.

இந்தக் கணக்கெல்லாம் தெரிந்தும் நான் மாட்டிக்கொண்டேன். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் என் சின்ன காரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கொண்டு போனேன். வெளிநாட்டு ‘டிராக்’ பேட் வாங்கி நானே மாட்டியிருந்தேன். அதில் ஒரே பெருமை. பிரேக் ஆயிலை மட்டும் மூன்று வருஷமாக மாற்றவில்லை. டப்பாவில் மட்டம் சரியாக இருந்தது, விட்டுவிட்டேன். ஆறாவது சுற்றில், நேர்பாதை முடிகிற இடத்தில் காலை வைக்கிறேன், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. ஓரத்து மண்ணில் இறங்கி நின்றேன். கார் ஆறியது, பெடல் ஓரளவு கெட்டியானது. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு சாயங்காலம் ஊருக்குக் கிளம்பினேன். பின் சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மேல்மருவத்தூர் தாண்டி ரொம்ப தூரம் பிரேக்கைத் தொடவே இல்லை. திண்டிவனம் வரும்போது முன்னால் போன பஸ் பட்டென்று நின்றது. மிதித்தேன். பெடல் பாதி வரை வெறுமனே போனது. மிச்சப் பாதியிலும் கார் பிடிக்கவில்லை, வழுக்கிக்கொண்டே போகிறது. இரண்டு தடவை பம்ப் பண்ணி, பஸ்சின் பின்கதவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றேன். குழந்தை எழுந்திருக்கவே இல்லை. நான் பத்து நிமிஷம் ஓரம் கட்டி உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மொரட்டாண்டி வரை முப்பதுக்கு மேல் போகவில்லை.

இதில் இரண்டு தப்பு இருக்கிறது, இரண்டுமே என்னுடையது. பெடல் உள்ளே போனது ஆயிலால். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். நம்ம ஊர் கடல் காத்துக்குக் கேட்கவே வேண்டாம். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த அளவு 155. டாட் 3க்கு 205, 140. கொதித்தால் ஆவி, ஆவியை அமுக்கலாம், ஆயிலை அமுக்க முடியாது. அதனால் பெடல் பஞ்சாகிறது. ஆறிய பிறகு எல்லாக் குமிழியும் போய்விட்டது என்று நம்பக் கூடாது. காலிப்பரில் ஏர் எடுத்த பிறகுதான் வண்டியைக் கிளப்பியிருக்க வேண்டும்.

பெடல் போன பிறகும் வழுக்கியது பேடால். டிராக் பேட் ஐந்நூறு, அறுநூறு டிகிரியிலும் பிடிக்கும்படி செய்தது. அதற்குச் சூடு வேண்டும். அரை மணி நேரம் நெடுஞ்சாலைக் காற்றில் ஆறிக் கிடந்த பேட் முதல் மிதியில் கடிக்காது. தெரு பேட் நேர்மாறு. காலையில் முதல் மிதியிலேயே பிடிக்கும், சத்தம் போடாது, டிஸ்க்கைத் தின்னாது. ஆனால் நானூறு டிகிரிக்குப் பக்கத்தில் போனால் அதிலுள்ள ஃபினாலிக் ரெசின் வெந்து வாயு விடும். பெடல் கல்லு மாதிரி இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. வித்தியாசத்தை ஞாபகம் வையுங்கள்: பெடல் பஞ்சானால் ஆயில், பெடல் கெட்டியாக இருந்தும் நிற்காவிட்டால் பேட்.

பேட் என்ன பெரிய விஷயமா என்று நினைக்காதீர்கள். நம் புதுச்சேரியிலேயே ரானே கம்பெனியின் பிரேக் லைனிங் ஆலை இருக்கிறது. ரெசின், நார், உலோகத்தூள், கிராஃபைட், உரசும் பொடி எல்லாம் கலந்து, சூட்டில் அமுக்கிச் செய்கிற சமையல் அது. சில பேட்களின் விளிம்பில் எஃப்.எஃப்., ஜி.ஜி. என்று இரண்டு எழுத்து இருக்கும். முதலாவது சாதாரண சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிக சூட்டில். எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை. எஃப்.ஈ. என்று இருந்தால் சூட்டில் இறங்கிவிடும் என்று அர்த்தம். கடையில் வாங்கும்போது திருப்பிப் பாருங்கள், பில்லும் கேளுங்கள்.

சரி, எதை வாங்குவது? வருஷத்துக்கு இரண்டு தடவை போகிறவருக்கு என் அபிப்பிராயம்: நல்ல தெரு பேடுக்கு ஒரு படி மேலே உள்ள ‘ஃபாஸ்ட் ரோடு’ வகை, புது டாட் 4 அல்லது 5.1 ஆயில், கம்பெனி டிஸ்க். அவ்வளவுதான். டாட் 5 என்பது சிலிக்கான், அதைக் கலந்துவிடாதீர்கள். நாலு சுற்று வேகமாக, ஒரு சுற்று பிரேக்கைத் தொடாமல் மெதுவாக. பார்க்கிங்கில் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விடுங்கள், சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மாசம் ஒரு தடவை போகிறவரா, இரண்டாவது செட் பேட் வாங்கி அங்கேயே மாற்றுங்கள், கிளம்பும்போது மறுபடி மாற்றுங்கள். சோம்பல் படாதீங்க, அரை மணி நேர வேலை.

டிஸ்க்கில் ஓட்டை போட்டது அழகாக இருக்கிறது என்று தம்பிகள் கேட்கிறார்கள். பைக்கில் இருக்கிறதே என்பார்கள். பைக் டிஸ்க் மெல்லிய ஸ்டீல், தாங்குகிற பாரமும் வேறு. காரின் வார்ப்பிரும்பு டிஸ்க்கில் ஒவ்வொரு ஓட்டையும் விரிசல் பிறக்கிற இடம். கோடு வெட்டிய டிஸ்க் பரவாயில்லை, பேடைக் கொஞ்சம் சீக்கிரம் தின்னும். என்னைக் கேட்டால் நடுவில் காற்று போகிற சாதா டிஸ்க்தான்; கெட்டால் தூக்கிப் போட்டுப் புதுசு மாட்டலாம். டிஸ்க்கிலேயே குறைந்தபட்ச கனம் அச்சாகியிருக்கும். அதற்குக் கீழே போனதை லேத்தில் கடைந்து மாட்டுகிறேன் என்று எந்த மெக்கானிக் சொன்னாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

“டிஸ்க் வளைஞ்சு போச்சு சார், ஸ்டீயரிங் ஆடுது” என்பது இன்னொன்று. நிஜமாக வளைவது அபூர்வம். பேட் பொருள் டிஸ்க் மேல் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். புது பேடைப் பழக்காமல் ஓட்டினால் அப்படித்தான். காலி ரோட்டில் 60லிருந்து 15 வரை, முழுசாக நிறுத்தாமல், எட்டு பத்து தடவை மிதித்து, பிறகு ஆறவிட்டால் சீராகப் படியும்.

கடற்கரை ரோட்டுப் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் டிஸ்க்கில் தெரிகிற ஆரஞ்சுத் துருவுக்குப் பயப்பட வேண்டாம், நாலு மிதியில் போய்விடும். பயப்பட வேண்டியது காலிப்பர் நழுவுகிற பின்னுக்கு. உப்புக் காற்றில் அது இறுகினால் ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும். மழைக்காலம் முடிந்ததும் கழற்றி, அதற்கென்று உள்ள கிரீஸ் போடுங்கள்.

ஃபார்முலா வண்டி செய்கிற தம்பிகளுக்கு: போட்டியில் நாலு சக்கரமும் லாக் ஆனால்தான் பிரேக் டெஸ்ட் பாஸ். எஞ்சினுக்கு ஆறு மாசம் செலவழித்துவிட்டு, பிரேக்கைக் கடைசி ராத்திரி மாட்டாதீர்கள். ஆயில் டப்பாவை உடைத்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது என்று செயலாளர் கையைக் காட்டுகிறார். என் கார் ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கிறது, ஜாக்கியும் இருக்கிறது. சாப்பிட்டதும் வாருங்கள், முன்சக்கரத்தைக் கழற்றிக் காட்டுகிறேன்.