நுழைகழியில் ஒரு பகற்பொழுது

நோர்வேயின் மேற்குக் கரையிலே, பனிக்கட்டியாறுகள் பன்னெடுங்காலம் அகழ்ந்த மலைப்பள்ளங்களிற் கடல் புகுந்து நிற்கின்றது. இவையே நுழைகழிகள். அவற்றுள் மிக நீண்டதாகிய சொக்ன நுழைகழி, 200 கிலோமீற்றருக்கு மேல் உள்நாட்டினுட் செல்வது. அதன் கிளையொன்றின் முடிவிலுள்ள சிற்றூர் பிலோம். உல்லாசக் கப்பலில் வருவோர்க்கு இங்கே கிடைப்பது பெரும்பாலும் ஒரு பகற்பொழுதே.

அப்பொழுதை எவ்வாறு பயன்படுத்துவது? பிலோமிலிருந்து குட்வாங்கனுக்குப் படகிற் செல்ல ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் ஆகும். வழியில் வரும் நேரோய் நுழைகழி, 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. ஓரிடத்தில் அதன் அகலம் 250 மீற்றர் மாத்திரமே. இருமருங்கும் செங்குத்தான மலைகள். அவற்றினின்று வீழும் அருவிகள். கோடையிலும் மேற்றளத்திற் குளிர்காற்று வீசுமாதலின் கம்பளியாடை வேண்டும்.

திட்டமிடுவோர் கப்பல் புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுதல் நன்று. தாமே பயணத்தை ஒழுங்கு செய்துகொண்டு பிந்தி வருவோர்க்காகக் கப்பல் காத்திராது. ஆதலின் முதலிற் படகிற் சென்று, மலைச்சுரங்க வழியாகப் பஸ்ஸில் மீள்வதே தக்கது. பஸ் பயணம் ஏறக்குறைய இருபது நிமிடமே. நீண்ட வழியை முதலிலும் குறுகிய வழியை இறுதியிலும் வைத்தால், எதிர்பாராத தாமதத்தை ஈடுசெய்ய இடமுண்டு. இரு பயணங்களுக்கும் இருக்கைகளை முன்னரே பதிதல் வேண்டும்.

மீர்டால் மலைநிலையத்துக்கு ஏறும் புகழ்பெற்ற ரயிலும் இங்குண்டு. குறுகிய பகலில் இரண்டையும் விரும்புவோர், எதனையும் ஆறுதலாகக் காணார். ஒன்றைத் தெரிந்து, அதனை நிறைவாகக் கண்டு மீள்பவரே பயனடைந்தவராவர்.