சமரசம் எவருக்காக? குடும்ப நீதிமன்றமும் வீட்டு வன்முறையும்

(பாகாலாவில் உழைக்கும் பெண்களிடையே ஆற்றப்பட்ட உரையின் தமிழ் வடிவம்)



தர்மாவரம் பாதையும் காட்பாடிப் பாதையும் கூடுகின்ற ஊர் பாகாலா. இங்கு பிறந்த பெண் வேலூர்ப் பக்கம் வாழ்க்கைப்படுவதும், அங்கிருந்து பெண் இங்கு வருவதும் வழக்கமே. மாநில எல்லை உறவுகளைத் தடுப்பதில்லை. ஆனால், அடிபட்டுக் கைக்குழந்தையுடன் தாய்வீடு திரும்பும் பெண்ணின் முன் அந்த எல்லையே முதற் கேள்வியாக எழுகிறது: வழக்கை எங்கே தொடுப்பது?

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இதற்குத் தெளிவான விடை தருகிறது. அதன் 27ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்டவர் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நடுவர் நீதிமன்றத்திலேயே மனு அளிக்கலாம். அங்கு பெறும் உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும். மனுவை முதல் விசாரணையிலிருந்து 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. பெண்கள் இயக்கங்களின் நெடிய போராட்டத்தால் கிடைத்த சட்டம் இது.

1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் நோக்கம் வேறு. தரப்பினரிடையே இணக்கம் காண முயல்வதை அதன் 9ஆம் பிரிவு நீதிமன்றத்தின் கடமையாக்குகிறது. பாதுகாப்பு உத்தரவு, குடியிருப்பு உத்தரவு முதலியவற்றைக் குடும்ப நீதிமன்றத்திலும் கோரலாம் என்று 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு கூறுகிறது. ஆயினும், மணவிலக்கோ ஜீவனாம்சமோ கேட்டு வரும் பெண்ணின் மனுவில் உள்ள அடியும் உதையும், ஆலோசகரின் மேசையில் ‘கருத்து வேறுபாடு’ என்று பெயர் மாறிவிடுகின்றன. ‘குழந்தைக்காகப் பொறுத்துப் போ’ என்று ஊர்ப் பஞ்சாயத்து சொன்னதையே அரசு முத்திரையுடன் மறுபடியும் கேட்க நேர்கிறது.

இணக்கம் என்பதே தீது என்று எவரும் கூறவில்லை. சமமானவர்களுக்கிடையே அது பொருளுடையது. அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒரே மேசையில் அமர்த்தி இருவரும் விட்டுக்கொடுக்கச் சொன்னால், அவள் எதை விட்டுக்கொடுப்பாள்? தன் உடலின் பாதுகாப்பையா? 2006ஆம் ஆண்டு விதிகள் இதனை உணர்ந்தே வகுக்கப்பட்டன. வன்முறைக்கு நியாயம் கற்பிக்க எதிர்த்தரப்பை ஆலோசனையின்போது அனுமதிக்கலாகாது என்று அவற்றின் 14ஆம் விதி கூறுகிறது. இவ்விதி குடும்ப நீதிமன்றத்தின் ஆலோசனை அறையிலும் நடைமுறையாக வேண்டும்.

அடுத்தது, காலதாமதம். மாம்பழக்கூழ் ஆலையில் நாட்கூலி பெறும் பெண்ணுக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி இழப்பு; பேருந்துக் கட்டணம் வேறு. கணவனோ வருமானமே இல்லை என்று சாதிப்பான். இதனைத் தடுக்கவே, இரு தரப்பும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், மனு அளித்த நாள் முதலே ஜீவனாம்சம் வழங்க வேண்டும் என்றும் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களுள் 29.3 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுள் உதவி நாடியவர்கள் 14 விழுக்காட்டினர் மட்டுமே. எஞ்சியவர்களின் மௌனத்தைச் சம்மதம் என்று கொள்ளலாகாது. கூலியும் கூரையும் கணவன் கையில் இருக்கும்வரை வாய் திறப்பது எளிதன்று. ஆணாதிக்கக் குடும்பத்தின் வேர் தனிச்சொத்தில் உள்ளது என்று ஏங்கெல்ஸ் 1884இல் நிறுவியது இதனாலேயே இன்றும் பொருந்துகிறது.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. ஒவ்வொரு வட்டத்திலும் வேறு பணிச்சுமையற்ற முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும். வன்முறை புகாராகியுள்ள வழக்கில் பெண் தானே விரும்பினாலன்றி இணக்கப் பேச்சு கூடாது. எல்லையோர நீதிமன்றங்களில் தமிழும் தெலுங்கும் அறிந்த உதவியாளர் வேண்டும். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு என்பதை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டு செல்வது இயக்கத்தின் கடமை. நீதிமன்றப் படியேறும் பெண்ணுடன் முதல் வாய்தாவிலிருந்தே ஒரு தோழர் உடன் செல்லட்டும். அவள் தனியாள் அல்லள் என்பதை எதிர்த்தரப்பும் ஆலோசகரும் அன்றே அறிவர்.