பாரம் இறக்கும் ஆண்டு

(பொன்விழா நவநாளில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



மன உளைச்சல் என்றதும் அது பட்டணத்தாரின் வியாதி என்று எண்ணுகிறோம். 1936-ஆம் ஆண்டில் ஹான்ஸ் செலி என்னும் மருத்துவ அறிஞர், குளிரோ, காயமோ, விஷமோ எது துன்புறுத்தினாலும் உடல் ஏறக்குறைய ஒரே விதமாகப் பாதிக்கப்படுகிறது என்று எடுத்துரைத்தார். மனக் கவலையும் உடலைத் தாக்கும் என்பதை இன்று மருத்துவம் நன்கு அறியும். நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் கெடுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது.

நம் இல்லங்களுக்குக் கவலை எப்படி வருகிறது? பள்ளிக் கட்டணம், வார வட்டி, மகளின் கலியாணப் பேச்சு, குடித்துவிட்டு வரும் மகன், பக்கத்து வீட்டார் எழுப்பிய மாடி. இவை எல்லாவற்றையும்விடக் கனமானது, இவற்றை யாரிடமும் சொல்லாமல் சுமப்பது.

சென்ற மாதம் ஒரு குடும்பத் தலைவர் இரவு 9 மணிக்கு மேல் பங்கு இல்லத்துக்கு வந்தார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்லுகிறேன். பொன்விழாவுக்காகக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று நாம் விதித்த வரியைக் கட்ட, மனைவிக்குத் தெரியாமல் வட்டிக்கு வாங்கியிருந்தார். "விழா மலரில் என் பெயர் விடுபட்டுப் போகக் கூடாதே, சாமி" என்றார். மறுநாள் இருவரையும் அழைத்துப் பேசினேன். அந்த அம்மாளோ, "எனக்கு அப்போதே தெரியும் சாமி. கேட்டால் மனிதர் வேதனைப்படுவாரே என்று வாய் திறக்கவில்லை" என்றார். ஒரே பாரத்தை ஒரே வீட்டில் இருவர் தனித்தனியே சுமந்திருக்கிறார்கள்!

அந்த வரி அறிக்கையில் கையொப்பமிட்டவன் நான். அன்றிரவு எனக்கும் உறக்கம் வரவில்லை.

லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் ஜூபிலி என்றால் என்ன என்று நமக்குப் போதிக்கிறது. ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊத வேண்டும். அடிமைப்பட்டவன் தன் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். வறுமையால் விற்ற நிலம் உரியவனிடம் சேர வேண்டும். அது பாரம் இறக்கும் ஆண்டு. நாமோ பாரம் ஏற்றினோம்.

ஆகவே விழாக் குழுவினரோடு கலந்து பேசி, வரியை நீக்கிவிட்டோம். இயன்றவர் இயன்றதை உண்டியலில் இடலாம். விழா மலரில் நன்கொடைப் பட்டியல் இராது. கடன் வாங்கிக் கட்டியவர்கள் என்னிடம் தனியே வந்து பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். கோபுரத்துக்கு வர்ணம் பிறகு பூசிக்கொள்ளலாம்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்றிரவு குடும்ப ஜெபமாலை முடிந்ததும் கணவனும் மனைவியும் கால் மணி நேரம் உட்கார்ந்து, மறைத்து வைத்த கவலையைச் சொல்லிவிடுங்கள். கேட்பவர் கோபிக்க வேண்டாம். சுமை சுமந்து சோர்ந்தோரைத் தம்மிடம் அழைத்த ஆண்டவர் உங்கள் நடுவே இருப்பார்.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.