பூர்வீகத் துப்பாக்கியும் நமது கடமையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



சென்ற கூட்டம் கலைந்த பின்னர் அங்கத்தினர் இருவர் என்னைத் தனியே அழைத்து, தங்கள் பாட்டனார் காலத்து வேட்டைத் துப்பாக்கியைச் சிறிது திருத்தி உபயோகத்துக்குக் கொண்டுவரலாகுமா என்று வினவினார்கள். இவ்வினா நம்மவரில் பல குடும்பங்களுக்கு உரியதாதலின், காரியதரிசியவர்களின் சம்மதம் பெற்று இதனையே இன்று பேச எடுத்துக்கொண்டேன். நான் இத்தொழிலில் தேர்ந்தவனல்லேன். பிழையின் வாசற்படிவரை சென்று திரும்பியவன். அந்த யோக்கியதை ஒன்றே எனக்குண்டு.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுப் பரண்மீது என் பாட்டனாரின் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. பச்சைமலை அடிவாரத்து நிலத்தில் பன்றிகளை விரட்ட அவர் அதனை வைத்திருந்தாராம். என் தகப்பனார் காலமானபின் அது என் பெயருக்கு முறைப்படி மாறி வந்தது. கட்டையில் வெடிப்பு, குழலோ நீளம், தூக்கினால் தோள் நோகும். உறவினர் ஒருவர், "கொல்லனிடம் கொடுத்துக் குழலில் ஒரு சாண் அறுத்துவிட்டால் கைக்கு அடக்கமாயிருக்கும்" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நல்வினைப் பயனாகக் கொல்லனிடம் போகுமுன், லைசென்ஸ் பெற்றுத் துப்பாக்கி பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்த முதியவர் குழலைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். "தம்பி, குழலின்மேல் பாம்புச்சட்டைபோல் வரி ஓடுகிறதே, பார்த்தீரா?" என்று கேட்டார். பின்னர் அவர் சொன்னவற்றைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அவ்வரியுள்ள குழலுக்கு டமாஸ்கஸ் குழல் என்று பெயர். இரும்பும் எஃகும் கலந்த பட்டைகளை முறுக்கி, ஓர் உருளையின்மேல் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டவைத்துச் செய்வது. கண்ணுக்கு அழகு, ஆனால் ஒட்டிய இடங்களுக்குள் துரு புகுந்திருந்தால் வெளியே தெரியாது. அக்குழல்களிற் பெரும்பாலானவை கரிமருந்துக்காகச் செய்யப்பட்டவை. இக்காலத்துத் தோட்டாவிலுள்ள புகையற்ற மருந்தின் அமுக்கம் அவற்றுக்கு ஏற்றதன்று.

இரண்டாவது அபாயம் தோட்டாவின் நீளம். 12 போர் என்பது, அக்குழலில் பொருந்தும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு நிறை என்னும் கணக்கு. குழலின் விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். பழைய துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை இரண்டரை அங்குலம். இன்று மிகுதியாய்க் கிடைக்கும் தோட்டா இரண்டே முக்கால் அங்குலம். மூடிய வாயோடு அது அறைக்குள் நன்றாகவே நுழையும். ஆதலால் பொருந்திவிட்டது என்று நாம் மகிழ்வோம். சுட்டவுடன் மடிப்பு விரிந்து, குழல் குறுகும் இடத்தில் அடைத்துக்கொள்ளும். அமுக்கம் அபாயகரமாய் ஏறும். முதியவர் அளவுகோலை உள்ளே விட்டுக் காட்டியபோது என் கை நடுங்கியது. அவ்வருஷம் பொங்கலன்று வானத்தை நோக்கி இரண்டு வெடி வெடிக்கலாமென்று நான் எண்ணியிருந்தேன். என் மகனும் அருகில் நின்றிருப்பான்.

இனிச் சட்டத்தைக் கவனிப்போம். லைசென்ஸ் என்பது வெள்ளைக்காரன் வைத்துப்போன அவமானம் என்று பேசும் பெரியோர் நம்மிடையே உண்டு. அதற்கும் காரணமில்லாமலில்லை. 1801-ஆம் வருஷம் ஜூன் 16-ஆம் தேதி சின்னமருதுவின் அறிக்கை இதே திருச்சிக் கோட்டையிலும், ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அவ்வருஷம் அக்டோபர் 24-ஆம் தேதி மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பரில் கம்பெனியார் தென்னாட்டு ஜனங்களின் ஆயுதங்களைப் பறிக்க உத்தரவிட்டனர். 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமோ ஐரோப்பியருக்கு விலக்களித்து நம்மவரைக் கட்டியது. ஆனால் இன்று நடப்பது சுதந்தர இந்தியாவின் பார்லிமெண்டு 1959-இல் இயற்றி, 1962 அக்டோபர் முதல் அமலுக்கு வந்த சட்டம். அதில் நிறபேதமில்லை, நம் பிரதிநிதிகளே செய்தது. அதற்கு அடங்குதல் நமக்கு இழிவன்று.

அச்சட்டத்தின்படி, அதற்கென லைசென்ஸின்றிக் குழலைக் குறுக்குதல் பெருங்குற்றம். 2019-ஆம் வருஷத் திருத்தத்துக்குப்பின் அதற்குத் தண்டனை ஏழு வருஷத்துக்குக் குறையாத சிறை. அது ஆயுள்வரை நீளவும் கூடும். என் உறவினர் சொன்ன ஒரு சாண் அறுப்பின் விலை அதுவே! துப்பாக்கியில் வெட்டப்பட்டுள்ள எண்ணை அழித்தலும் குற்றம். ஆதலின் துருவை உப்புத்தாளால் தேய்ப்பவர்கள் எண் உள்ள இடத்தில் கை வையாதிருப்பாராக.

ஆனால் செய்யத்தக்கது ஒன்றுமில்லையா? உண்டு. துடைத்து எண்ணெயிடுதல் உடையவன் வேலை. வெடித்த கட்டையை மாற்றுதல், தோளுக்கேற்ப அதன் நீளத்தைத் திருத்தி ரப்பர் அணை பொருத்துதல், தளர்ந்த வில்லையும் தேய்ந்த ஊசியையும் மாற்றுதல், குழலுக்கு மேற்கறுப்பு ஏற்றுதல் ஆகிய இவை லைசென்ஸ் பெற்ற தொழிலாளியிடம், ரசீது பெற்றுச் செய்துகொள்ளத்தக்கவை. 1966-இல் ஏற்பட்ட நமது திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையில் 12 போர் பம்ப் துப்பாக்கிகளும் செய்யப்பட்டன. புதுக்குழலைக்கூட மிகை அமுக்கத்தில் சுட்டுச் சோதித்த பின்னரே கையில் கொடுப்பது இத்தொழிலின் தர்மம். அச்சோதனைக்குக் கொல்லன் பட்டறையில் வழியேது?

வேட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டமும் 1991-ஆம் வருஷத் திருத்தமும் வந்தபின் அது முடிந்துபோன கதை. பன்றி பயிரை அழித்தாலும் வனத்துறையின் உத்தரவின்றிச் சுடலாகாது. கல்யாண ஊர்வலத்தில் வெடித்துக் களிப்பதும், பிறருக்கு ஆபத்து விளையுமாயின், இரண்டு வருஷச் சிறைக்கோ லட்ச ரூபாய் அபராதத்துக்கோ இடமாகும். குறிபார்த்துச் சுடுவதில் விருப்பமுள்ள இளைஞர்கள் ரைபிள் கிளப்பில் சேரட்டும். 2022-இல் மாநிலப் போட்டியே நம் திருச்சியில் நடந்தது.

சகோதரிகளே! முடிவாக உங்களிடம் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. லைசென்ஸ் உடையவர் காலமானால் அது அவரோடு முடிந்தது. துக்க வீட்டில் பரணிலுள்ள துப்பாக்கியை யார் நினைப்பார்? எங்கள் வீட்டில் நினைத்தவர் என் தாயார். காரியம் முடிந்த மறுநாளே என்னை அழைத்து, "முதலில் இதைக் கொண்டுபோய் ஒப்படைத்து வா" என்றார். அடுத்த போலீஸ் ஸ்டேஷனிலாவது லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமாவது தாமதமின்றி ஒப்படைத்து, பிறகு வாரிசு தன் பெயருக்கு மனுச் செய்யவேண்டும். உடையவருக்கு 70 வயது நிறைந்தாலும், 25 வருஷம் துப்பாக்கியை வைத்திருந்தாலும், அவர் இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற 2016-ஆம் வருஷத்து விதிகள் இடந்தருகின்றன. இப்போது ஒருவர் இரண்டுக்குமேல் வைத்திருக்கலாகாது என்பதையும், லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்கே என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் துப்பாக்கிக்குப் புதுக்கட்டை போட்டாயிற்று. குழல் பாட்டனார் வைத்த நீளத்திலேயே இருக்கிறது. அது இனி வெடிக்காது. வருஷம் ஒருமுறை என் மகன் முன்னிலையில் அதனைத் துடைத்து எண்ணெயிட்டு, லைசென்ஸ் தேதியையும் பார்த்துப் பெட்டியில் வைக்கிறேன். அவனுக்கு நான் விட்டுப்போவது வெடியோசையன்று, இந்தப் பழக்கமே. உங்கள் வீட்டுப் பரணையும் இன்றிரவே ஒருமுறை பாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.