வெளிநாட்டுச் சிறு ஹோட்டலில் கேட்க வேண்டிய கேள்வி

(பாலக்காடு, இடுக்கி மாவட்ட அங்கத்தினர்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம்மில் பலருடைய குழந்தைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். நம்மையும் அழைத்துப் போய் ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள். காலையில் எல்லாம் சௌகரியமாகத்தான் இருக்கும். பகல் பன்னிரண்டு மணிக்குச் சங்கடம் ஆரம்பிக்கும். அவர்கள் தெருவோரச் சிறு ஹோட்டலில் உட்காரலாம் என்பார்கள். நாம் பையில் இருக்கும் புளிக்காய்ச்சலை நினைத்துக்கொண்டு, "எனக்குப் பசிக்கவில்லை" என்போம். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வெயிலில் நடக்கிறவர்கள் பட்டினி கிடப்பது அபாயம். ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். நியமத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நியமத்தை விடாமலே வயிறாரச் சாப்பிட வழி உண்டு என்பதே என் விஷயம்.

முதலில் நம் பக்கத்திலிருந்து ஓர் உதாரணம். தேக்கடி பார்க்க வரும் வெளிநாட்டார் குமுளியில் சிறு ஹோட்டல்களில் சாப்பிடுவதை நாம் பார்க்கிறோம். அவர்களில் கோதுமையே சேர்க்கக் கூடாத சீலியாக் நோயாளி ஒருவர், "சாம்பாரில் கோதுமை உண்டா?" என்று கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுகிறவர் தயங்காமல் "இல்லை" என்பார். பருப்பு, புளி, காய்கறி, இதில் கோதுமை எங்கே வந்தது? ஆனால் கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கிறது. பரிமாறுகிறவர் பொய் சொல்லவில்லை. அவர் மனசில் பெருங்காயம் ஒரு வாசனை, அவ்வளவுதான். அது ஒரு சாமானாகவே கணக்கில் வருவதில்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். வியட்நாமிலும் தாய்லாந்திலும் நெத்திலியை உப்பில் ஊற வைத்து எடுக்கும் மீன் சாறு, நமக்குப் பெருங்காயம் மாதிரி. ஜப்பானில் வெறும் தோஃபு போட்ட மிசோ சூப்பிலும் பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் எடுத்த சாறு இருக்கும். இலங்கையில் தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு சேர்ப்பார்கள். இத்தாலியின் பார்மிஜானோ பாலாடைக்கட்டியில், பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் என்ற என்ஸைம் சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் விதி. இறைச்சித் துண்டு இல்லாவிட்டால் அவர்களைப் பொறுத்தவரை அது காய்கறி உணவு.

ஆகவே "இது வெஜிடேரியனா?" என்று கேட்டுப் பிரயோஜனம் குறைவு. "மீன் சாறு உண்டா? இறால் விழுது உண்டா? முட்டை உண்டா? எலும்பு வேக வைத்த நீரா?" என்று பொருளைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அந்த ஊர் மொழியில் இதை ஒரு அட்டையில் எழுதி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். 2001-ஆம் ஆண்டு விதிகளால் நம் நாட்டு உணவுப் பொட்டலங்களில் வந்த பச்சைப் புள்ளியை எல்லா தேசத்திலும் எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்று, நாம் நினைப்பது போல அந்த தேசங்களில் சைவம் இல்லாமல் இல்லை. வியட்நாமில் 'சாய்' என்று பலகை போட்ட கடைகள் பௌத்த முறைச் சைவக் கடைகள். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் அங்கே பலர் புலால் ஒழிப்பார்கள். நமது ஏகாதசியை நினைத்துக்கொள்ளலாம். தாய்லாந்தில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்றிருந்தால் மாமிசம், மீன், முட்டை, பால் மட்டுமல்ல, வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. சொன்னால் நம்மவர்கள் நம்புவதில்லை!

வியட்நாமில் மீ சோன் என்ற இடத்தில் சம்பா அரசர்கள் நான்காம் நூற்றாண்டு முதல் கட்டிய சிவாலயங்கள் இருக்கின்றன. 1999-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. 2020-இல் நமது தொல்லியல் துறையினர் அங்கே ஒன்பதாம் நூற்றாண்டு மணற்கல் லிங்கம் ஒன்றை வெளிக்கொணர்ந்தார்கள். அதைத் தரிசித்துவிட்டு நானும் என் மனைவியும் ஹோய் ஆன் ஊரில் நாலு மேஜை போட்ட ஒரு 'சாய்' கடையில் சாப்பிட்டோம். அட்டையைக் காட்டியதும் கடைக்கார அம்மாள் எங்களை அடுப்படிக்கே கூட்டிப்போய், சோயா சாற்றுப் புட்டியைத் திறந்து முகரச் சொன்னாள். சாதம், கீரை வதக்கல், தோஃபு. நம் வீட்டுக் காரம் இல்லை. ஆனால் மனசில் சந்தேகமும் இல்லை.

சிறு கடையின் அனுகூலம் அதுதான். சமைத்தவரே எதிரில் நிற்கிறார். பெரிய ஹோட்டல் பஃபேயில் எந்தக் கரண்டி எந்தப் பாத்திரத்துக்குப் போயிற்று என்று யாரைக் கேட்பது?

வயிற்றுக்கும் ஒரு வார்த்தை. கிருமிகள் வேகமாகப் பெருகுவது சுமார் 5 முதல் 60 டிகிரி சென்டிகிரேட் வரை. ஆகவே ஆவி பறக்க வருவதைச் சாப்பிடுங்கள். ஆறிக் கிடப்பதையும், பச்சைக் காய்கறியையும், வெட்டி வைத்த பழத்தையும் ஒதுக்குங்கள். மூடி முத்திரையோடு உள்ள பாட்டில் தண்ணீர் போதும், ஐஸ் வேண்டாம்.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாடு போய் வருகிறவர்கள், எந்த ஊரில் எந்தக் கடையில் என்ன கேட்டு என்ன சாப்பிட்டீர்கள் என்று நாலு வரி எழுதி நம் பத்திரிகைக்கு அனுப்புங்கள். அடுத்துப் போகிறவர் பட்டினி கிடக்க மாட்டார். நம் ஊருக்கு வரும் வெளிநாட்டார் நம்மிடம் இதே கேள்வியைக் கேட்டால், பெருங்காய டப்பாவையும் ஒரு தடவை எடுத்துப் படித்துவிட்டு பதில் சொல்வோம்.