கடனுள்ள வீட்டின் வரவு செலவுத் திட்டம்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மண்டபத்திலே நாயன்மார் வரலாறும் புராண படனமும் கேட்பது வழக்கம். இன்று எமக்குத் தரப்பட்ட பொருளோ அரிசி, மண்ணெண்ணெய், பள்ளிக்கூடக் கொப்பி, தவணைப் பணம் என்பனவற்றைப் பற்றியது. இதற்கும் சைவ வாழ்வுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணுதல் கூடும். தொடர்பு உண்டு. விருந்தோம்பலும், ஈகையும், பிள்ளைகளைப் படிப்பித்தலும், கோயிற் கடமையும் இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்டவை. தவணை கேட்டு வந்தவர் படலையடியிலே நிற்க, உள்ளே விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாது இருக்கும் ஒரு குடும்பம் இவற்றுள் எதனைச் செய்யும்?

திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்திலே, வருவாய் சிறிதாயிருப்பதைக் கேடு என்று சொல்லவில்லை. செலவு அதனிலும் பெருகுவதையே கேடென்கிறார். இதனை நாம் எல்லோரும் அறிவோம். ஆயின், வரவுக்குள் செலவு செய்க என்னும் அறிவுரை கடனில்லாதவனுக்குப் போதுமானது, கடன்பட்டவனுக்குப் போதாது. ஏனெனில், அவனுடைய வரவின் ஒரு பங்கு அவன் கைக்கு வருமுன்னரே பிறருக்கு உரியதாகிவிட்டது. ஆதலால் கடனுள்ள வீட்டுக்குத் தனியானதொரு கணக்கு முறை வேண்டும். அதுவே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட விடயம்.

கடன் எமக்குப் புதியதன்று. ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட தேசவழமையிலே ஒற்றியைப் பற்றிய விதிகள் இடம்பெற்றுள்ளன. காணியை ஒற்றி வைத்தால், கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக அக்காணியின் விளைவை அனுபவிப்பார். அடைவு, ஈடு, கைமாற்று, சீட்டு, கடைக் கொப்பி என இன்னும் பல வகை எமது ஊர்களில் உண்டு. 1911ஆம் ஆண்டிலே கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கென இந்நாட்டில் ஒரு சட்டமும் பிறந்தது. இவையெல்லாம் அறிமுகமான முகங்களுக்கிடையே நடந்த கடன்கள். கொடுத்தவருக்கு வாங்கியவரின் வயலும் தெரியும், வருத்தமும் தெரியும்.

2009ஆம் ஆண்டிலே போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் வேறொரு கடன் வாசலுக்கே வந்தது. அதுதான் கிழமைக் கடன். பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் பொறுப்பாளராக்கி, கிழமைதோறும் தவணை அறவிடும் முறை. ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஆகவே கடன் அயலையும் பகையாக்கிற்று. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே பெண்கள் ஓர் இலட்சம் ரூபா வரை பெற்றுக் கட்ட முடியாதிருந்த நுண்கடன்களைத் தீர்ப்பதற்கு 2018இல் அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. இத்துன்பம் எம்மவர்க்கு மட்டும் உரியதன்று. 2021ஆம் ஆண்டில் பொலன்னறுவை மாவட்டத்து இங்குராக்கொடையிலே சிங்களச் சகோதரிகளும் இதன்பொருட்டுச் சத்தியாக்கிரகம் இருந்தனர். அடுத்த ஆண்டு நாடே கடனிலே அமிழ்ந்தது. 2022 ஏப்பிரில் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசு அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் விலைவாசி, முந்திய செப்டெம்பரோடு ஒப்பிட, நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது உயர்ந்தது. தவணை மாறாதிருக்க அரிசி விலை ஏறினால் வீட்டுக்கு என்ன நேரும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம்.

முதலாவது வேலை, கடன்களையெல்லாம் ஒரே தாளில் எழுதுதல். இது இலேசான வேலையன்று. பல வீடுகளிலே கணவன் பட்ட கடன் மனைவிக்குத் தெரியாது. மனைவி எடுத்த கிழமைக் கடன் கணவனுக்குத் தெரியாது. மகன் மோட்டார்ச் சைக்கிளுக்கு எடுத்த லீசிங்கின் மிச்சம் எவ்வளவென்று இருவருக்குமே தெரியாது. மறைத்தவர் எவரும் தீய எண்ணத்தால் மறைத்தாரல்லர். மற்றவரை வருத்த விரும்பாமையாலேயே மறைத்தனர். ஆயினும் மறைத்த கடனே வீட்டை வீழ்த்துகின்றது. தெரியாத கடனுக்கு யாரும் செலவைக் குறைப்பதில்லை. ஆகவே ஒரு மாலை வேளையிலே, குற்றம் சாட்டுவதில்லை என்று முதலிலே உடன்பட்டுக்கொண்டு, வீட்டிலுள்ள வளர்ந்தோர் அனைவரும் ஒருங்கிருந்து எழுதுதல் வேண்டும். யாருக்கு, எவ்வளவு மிச்சம், வட்டி என்ன, தவணை எந்நாள், தவறினால் என்ன நேரும் ஆகிய ஐந்து நிரல்கள் போதும்.

இவற்றுள் வட்டி என்னும் நிரலிலே கவனம் வேண்டும். திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்தபோது இறைவன் அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் படிக்காசு அளித்த வரலாறு நாம் அறிந்ததே. சம்பந்தர் பெற்ற காசிலே வாசி இருந்தது. அஃதாவது, கடையிலே அது முழுப் பெறுமதிக்குச் செல்லவில்லை. அவர் அதனை மறைக்காமல் பதிகம் பாடி இறைவனிடமே முறையிட்டு, வாசி தீரப் பெற்றார். காசு என்றால் எல்லாக் காசும் ஒன்றே என்று அவர் இருந்துவிடவில்லை. நாமும் கடனின் வாசியைக் கேட்டறிதல் வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்வோம். ஐம்பதினாயிரம் ரூபாக் கடன். வருடத்துக்கு நூற்றுக்கு 24 வட்டி. 52 கிழமையில் கட்டி முடிக்க வேண்டும். வட்டி 12,000, மொத்தம் 62,000, கிழமைக்கு ஏறத்தாழ 1,200 ரூபா. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் ஐம்பதினாயிரமும் வருடம் முழுவதும் எம்மிடம் இருக்கவில்லையே! முதற் கிழமையிலிருந்தே திருப்பிக் கொடுத்து வருகின்றோம். அரை வருடத்தில் ஏறக்குறையப் பாதி முதல் போய்விடும். ஆயினும் வட்டி முழு முதலுக்கும் முழு வருடத்துக்கும் போடப்பட்டுள்ளது. குறைந்து செல்லும் மிச்சத்துக்கு வட்டி போட்டுக் கணக்குப் பார்த்தால் அது நூற்றுக்கு 24 அன்று, 44 அளவிலாகும். ஆகவே கையெழுத்திடுமுன், வட்டி முழு முதலுக்கா, குறையும் மிச்சத்துக்கா என்று கேட்க வேண்டும். பத்திரம் தமிழில் இல்லையாயின், வாசித்து விளக்கக்கூடிய ஒருவரை அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

இரண்டாவது வேலை, வரவை எழுதுதல். இங்கே நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே: நல்ல மாதத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள், மழை மாதத்தை வைத்துப் போடுங்கள். ஒரு மேசன் தொழிலாளியின் வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். நல்ல மாதத்தில் அவருடைய கூலியும் மனைவியின் தையல் வருமானமும் சேர்ந்து 65,000 ரூபா. ஐப்பசி, கார்த்திகையில் மழையால் வேலை குறைந்து 52,000 ரூபா. உணவுக்கு 30,000, மின்சாரம், தண்ணீர், எரிபொருளுக்கு 5,000, பிள்ளைகளின் படிப்புக்கும் பஸ்ஸுக்கும் 6,000, மருந்துக்கு 3,000. ஆக 44,000. கடன் பக்கத்திலே லீசிங் 9,000, சீட்டு 5,000, அடைவு வட்டி 1,500, மேலே சொன்ன கிழமைக் கடனுக்கு நான்கு கிழமையாயின் 4,800. ஆக 20,300.

நல்ல மாதத்தில் செலவு போக மிஞ்சுவது 21,000. தவணைகளைக் கட்டினால் கையில் 700 ரூபா. அதே மாதத்தில் தவணை நாள் ஐந்து முறை வந்தால் 500 ரூபா குறைவு. மழை மாதத்திலோ 12,300 ரூபா குறைவு. அப்பொழுது என்ன செய்கின்றோம்? இன்னொரு கிழமைக் கடன் எடுக்கின்றோம். ஒரு மாத மழை, ஒரு வருடக் கடனாகிவிடுகின்றது! இக்குடும்பம் சூதாடவில்லை, குடிக்கவில்லை, ஆடம்பரமும் செய்யவில்லை. மாதக் கூலிக்குக் கிழமைத் தவணையும், ஏறி இறங்கும் வரவுக்கு ஏறி இறங்காத கடனும் வாய்த்ததே அதன் குற்றம். கடைக் கொப்பியும் கைமாற்றும் இக்கணக்கில் இன்னும் ஏறவுமில்லை. வெளிநாட்டிலிருந்து சகோதரர் அனுப்பும் காசையும் நாம் சேர்க்கவில்லை; அது வந்த பின்னரே வரவு, வரும் என்பது வரவன்று.

மூன்றாவது, குறைக்கும் ஒழுங்கு. உணவு, மருந்து, பிள்ளைகளின் படிப்பு இம்மூன்றுக்கும் உரிய பணத்தை முதலில் ஒதுக்குக. தவணைக்காரர் முன்னே நிற்பதனாலே தாய் பட்டினி கிடந்து தவணை கட்டும் வீடுகள் உண்டு. இது நேர்மையாகத் தோன்றினும் முடிவில் நோயையும் புதுக் கடனையுமே தரும். அதற்கடுத்துத் தவணைகள். ஏனைய யாவும் தவணைகளுக்குப் பின்னர்.

நான்காவது, எக்கடனை முதலில் முடிப்பது? வட்டி மிகுந்ததை முதலில் முடிப்பதே பொது விதி. எமது உதாரணக் குடும்பம் சீட்டை இன்னும் எடுக்கவில்லையாயின், எடுத்து, கிழமைக் கடனின் மிச்சத்தைத் தீர்க்கலாம். ஆனால் அதற்குமுன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: முந்திக் கட்டினால் மிகுதி வட்டியைக் கழிப்பார்களா? கழிக்க மறுத்தால் முந்திக் கட்டுவதில் இலாபமில்லை. அப்பணத்தால் அடைவு நகையை மீட்பதே மேல். அடைவிலே வருடக்கணக்காகக் கிடக்கும் நகைக்கு வட்டி மட்டுமே கட்டிவருவோர், ஒரு பகுதியை விற்று மறு பகுதியை மீட்டல் ஆகுமா என்று கணக்குப் பார்த்தல் நன்று. நகையை விற்பது மனத்துக்கு வருத்தமே; ஆயினும் மீட்க முடியாமல் ஏலத்திற் போகும் நகை இரட்டிப்பு வருத்தம்.

கிழமைக் கடன் தீர்ந்ததாகக் கொள்வோம். மாதத் தவணை 15,500 ஆகக் குறையும். நல்ல மாதத்தில் 5,500 மிஞ்சும். மழை மாதத்தின் குறைவு 7,500 ஆகும். இரு மாதத்துக்கும் 15,000. ஆகவே மற்றைய பத்து மாதங்களிலும் மாதம் 1,500 ரூபா ஒதுக்கினால் மழை மாதத்துக்குப் புதுக் கடன் வேண்டாம். மிகுதி 4,000 அடுத்த கடனுக்குச் செல்லட்டும். எமது பாட்டிமார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்து வைத்தனர். பிடியரிசி எடுத்த வீட்டில் உலை குறைந்ததில்லை. கடனுள்ள வீட்டிலும் சேமிப்பு வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று எமக்குத் தெரியவில்லை.

தவணை தவறுமென்று தெரிந்தால், தவறுமுன்னரே சென்று, எழுத்திலே அவகாசம் கேட்க வேண்டும். மனுவின் பிரதியையும் பற்றுச்சீட்டுக்களையும் பாதுகாக்க வேண்டும். உறவினரின் கைமாற்றுக்கு வட்டியில்லை. ஆயினும் அதுவும் தாளில் ஏறுதல் வேண்டும். திகதி சொல்லிச் சிறிது சிறிதாகக் கொடுத்தால் உறவும் நிலைக்கும்.

சடங்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாமத்தியவீடு, கலியாணம், அந்தியேட்டி, கோயில் உபயம் என்பவற்றுக்காகக் கடன்படுவோர் பலர். கடன்பட்டு உபயம் செய்ய வேண்டுமென்று எமது சமயம் எவரையும் கேட்கவில்லை. இயலாதோர்க்குப் பச்சிலையும் ஒரு கை நீருமே பூசைக்குப் போதுமென்பது சைவத்தின் பெருமை. வசதியுள்ளவர்கள் தங்கள் வீட்டுச் சடங்குகளைச் சுருக்கிக் காட்டினால், வசதியற்றவர்களுக்குச் சுருக்கும் துணிவு வரும். இது செல்வர்கள் செய்யவேண்டிய தொண்டு.

நிறைவாக எமது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நாம் திருவிழாக் காலங்களில் தண்ணீர்ப்பந்தல் வைக்கின்றோம். அதுபோலவே, மாதத்தில் ஒரு மாலை, இதே மண்டபத்தில் ஒரு மேசையும் சில கொப்பிகளும் வைத்து அமர்வோமாயின் என்ன? கணக்குத் தெரிந்த இளைஞர் எம்மிடையே உள்ளனர். சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்தவர்களும் உள்ளனர். கடன் பத்திரத்தை வாசித்துச் சொல்வது, உண்மை வட்டியைக் கணக்கிடுவது, மனு எழுதிக் கொடுப்பது ஆகிய மூன்றுமே போதும். கேட்டதை வெளியிலே சொல்லாத வாயும், கேட்டு இகழாத முகமும் அதற்குத் தகுதிகள்.

கடன்பட்டவர் குற்றவாளியல்லர். எமது ஊரிலே கடனைக் காட்டிலும் அதனைச் சொல்ல நேரும் வெட்கமே அதிகம் கொல்கின்றது. அந்த வெட்கத்தை நீக்கினால், கொப்பியைத் திறக்கும் கை தானே வரும். கொப்பி திறந்த வீட்டிலே கடன் உடனே தீர்ந்துவிடாது. ஆனால் அது இனி வளராது. படலையடியில் யாரேனும் கூப்பிட்டால் விளக்கை அணைக்காமல், கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து பேசக்கூடிய வீடுகள் எமது ஊரெங்கும் உண்டாக எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவாராக.