திதிக்கு விடியல் கிடையாது



தினசரி நாள்காட்டியில் "பிற்பகல் 2.14 வரை சப்தமி, பின்பு அஷ்டமி" என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செவ்வாய்க்கிழமை இப்படி மத்தியானத்தில் புதனாவதில்லை. திதிக்கு மட்டும் ஏன் அந்த அவசரம்?

பஞ்சாங்கத்தில் கிழமை விடியலில் பிறக்கும். திதிக்கோ, சூரியனை விட்டுச் சந்திரன் எவ்வளவு விலகியது என்பதே கணக்கு. அமாவாசையில் இரண்டும் சேர்ந்திருக்கும். அங்கிருந்து 12 பாகை விலகினால் பிரதமை முடிந்தது. இன்னொரு 12 பாகையில் துவிதியை. இப்படி 30 திதி. சந்திரன் பூமிக்கு அருகில் வரும்போது விரைந்து ஓடும்; ஒரு திதி சுமார் 20 மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். தொலைவில் இருக்கும்போது 26 மணி வரைகூட இழுக்கும்.

ஆகவே, 'இன்று என்ன திதி' என்று கேட்டால் போதாது. எந்த நேரத்தில் என்றும் கேட்க வேண்டும். பிள்ளையார் சதுர்த்திக்கு நடுப்பகலைப் பார்ப்பார்கள். பிரதோஷத்துக்கு மாலையில் திரயோதசி இருக்க வேண்டும். கோகுலாஷ்டமிக்கு நள்ளிரவு. வைணவர்கள் ரோகிணியையும் சேர்த்துப் பார்ப்பதால், சில வருஷம் எதிரெதிர் வீடுகளில் வெவ்வேறு நாளில் சீடை உருளும். திவசம் என்றால் பிற்பகல் திதி. "காலையில் நவமிதானே இருக்கிறது?" என்று கேட்டால், "அபராண்ணத்தில் தசமி வந்துவிடுகிறதே" என்பார் வாத்தியார்.

கல்யாணத்துக்குத் திதி மட்டும் போதாது. கிழமை, நட்சத்திரம், யோகம், லக்னம் எல்லாம் கூடிவர வேண்டும். அஷ்டமி, நவமியைத் தள்ளிவிடுவார்கள். கண்ணனும் ராமனும் பிறந்த திதிகள் அவை! எல்லாம் பார்த்து முடித்தபின், மண்டபம் காலியில்லை என்பார்கள். அது தனிக் கிரகம்.

திதியும் கிழமையும் நட்சத்திரமும் அவரவர் போக்கில் ஓடுவதில் சரித்திரக்காரர்களுக்கு ஒரு லாபம் உண்டு. சோழர் கல்வெட்டுகளில், "கும்ப நாயற்றுப் பூர்வபட்சத்துச் சப்தமியும் புதன்கிழமையும் பெற்ற ரோகிணி நாள்" என்கிற வாய்பாட்டில் நாளைக் குறிப்பார்கள். கும்ப நாயிறு என்றால் மாசி மாதம். இந்த நான்கும் ஒன்றாகக் கூடுவது எப்போதாவதுதான். அதனால், அரசனின் ஆட்சியாண்டும் தெரிந்தால் ஆங்கிலத் தேதியையே கணக்கிட்டுவிடலாம். எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை இதற்கென்றே பல நூற்றாண்டுகளுக்கு நாள் நாளாகத் திதி, நட்சத்திர முடிவுகளைக் கணித்து, 1922-இல் பெரும் பெரும் தொகுதிகளாக வெளியிட்டார். கல்வெட்டுப் படிப்பவர்களுக்கு அதுதான் பஞ்சாங்கம்.